பிள்ளைக்கு மரவில் செய்கிறீர்களா? அதன் முதுகில் எதை ஒட்டுவது

விஜயதசமி அன்று கோயிலில் சாமி அம்பு போடுவதைப் பார்த்துவிட்டு வந்த அக்கா பையன், வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டது வில்தான். கடலூரில் ஒரு மரவாடியில் தேக்கு ரீப்பர், அதாவது நீளமான மெல்லிய சட்டம், வாங்கி, இழைத்து, கயிறு கட்டிக் கொடுத்தேன். நாலாம் நாள் படாரென்று நடுவில் போய்விட்டது, ஒரு சிலாம்பு தெறித்து அவன் கன்னத்தைக் கீறியது. கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். அக்கா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. அதற்குப் பிறகு அறுத்த மரத்தில் செய்த எந்த வில்லையும் முதுகில் எதையாவது ஒட்டாமல் பிள்ளைகள் கையில் கொடுத்ததில்லை.

வில்லின் முதுகு என்பது எய்கிறவருக்கு எதிர்ப்பக்கம், அதாவது இலக்கைப் பார்த்திருக்கும் பக்கம். நாணை இழுக்கும்போது நம்மைப் பார்த்த வயிற்றுப் பக்கம் நசுங்குகிறது, முதுகு இழுபடுகிறது. மரம் நூற்றில் ஒரு பங்கு நீளம் கூடினாலே முறியும் நிலைக்கு வந்துவிடும். ரீப்பர் ரம்பத்தில் அறுத்து எடுத்தது என்பதால் மரத்தின் ரேகை நேராகப் போகாமல் எங்காவது சாய்ந்து விளிம்பில் வெளியேறும், முறிவு அங்கிருந்துதான் கிளம்பும். மேலே ஒட்டும் துணியோ தோலோ அந்த இடத்தில் சிலாம்பு எழும்பாமல் அமுக்கிப் பிடிக்கும், அப்படியே முறிந்தாலும் துண்டுகள் பறக்காது. பிள்ளைகள் வில்லுக்கு இந்தக் காவல் மட்டும் போதும். வில்லுக்கு விசை கூட்டுகிறேன் என்று தடிமனாக ஒட்டுவது வேண்டாத வேலை. எட்டு வயதுப் பிள்ளைக்கு 16, 18 அங்குலம் இழுக்கும்போது நாலரைக் கிலோ வந்தால் தாராளம், மீன் எடை போடும் கொக்கித் தராசை நாணில் மாட்டி இழுத்தால் தெரிந்துவிடும்.

மூங்கிலில் செய்கிறீர்கள் என்றால் வெளித்தோலைச் சீவாமல் அதையே முதுகாக வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் ஒட்ட வேண்டாம். மரக்கிளையில் பட்டையை மட்டும் உரித்து, அடியில் உள்ள மரத்தைத் தொடாமல் செய்தாலும் அப்படித்தான்.

மற்றபடி என் முதல் தேர்வு பழைய பருத்தி வேட்டி. வீட்டிலேயே இருக்கும், இல்லாவிட்டால் புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். கஞ்சி முழுக்கப் போகும்வரை வெந்நீரில் அலசிக் காயவையுங்கள், கஞ்சி இருந்தால் பசை நூலுக்குள் இறங்காது. கரை ஓடும் திசையில் நீளவாக்கில் வெட்டுங்கள், அதுதான் பாவு நூல் போகும் திசை, வில்லின் நீளத்துக்கு அந்த நூல்தான் ஓட வேண்டும். குறுக்கே வெட்டி ஒட்டுப்போட்டு நீளத்தைச் சரிக்கட்டினீர்கள் என்றால் ஒட்டு விழுந்த இடத்தில் முறியும். இரண்டு அடுக்கு போதும். பட்டுத் துணி இதைவிட மெல்லியது, உறுதியானது, பார்க்கவும் அழகு, ஆனால் அம்மாவின் பட்டுப்புடவையில் கத்திரி வைப்பதற்கு முன்னால் அம்மாவிடம் கேட்டுவிடுங்கள்.

துணியைவிடப் பலம் வேண்டுமென்றால் சணல். சாக்கை அப்படியே ஒட்டாதீர்கள், அதன் நெசவு மேலும் கீழுமாக வளைந்து வளைந்து போவதால் இழுவையை உடனே ஏற்காது. சணல் இழைகளைப் பிரித்துச் சீவி, பசையில் தோய்த்து, முடி வாருவது போல நீளவாக்கில் படிய வைக்க வேண்டும். கை நாறும், வேலை மெதுவாகப் போகும். ஆனாலும் மரத்தைப் போலவே சணலும் அதிகம் நீளாது என்பதால் பாரத்தில் ஒரு பங்கை நிஜமாகவே சுமக்கிறது. தேங்காய் நார் நேர் எதிர், ரப்பர் போல நீளும், அதனால் இதற்கு உதவாது. மீன்வலை நைலானும் அதே கதைதான், கடலோரத்தில் சும்மா கிடைக்கிறதே என்று நானும் ஒருமுறை ஒட்டிப் பார்த்தேன், நைலான் நீண்டுகொண்டே இருக்க அடியில் மரம் விரிசல் விட்டது.

பறைக்கும் தவிலுக்கும் தோல் கட்டுகிறவர்களிடம் மெல்லிய ஆட்டுத்தோல் துண்டு கிடைத்தால் அது அருமையான பொருள். பதனிடாத பச்சைத்தோலாக இருக்க வேண்டும், செருப்புத் தோல் வேண்டாம். தண்ணீரில் ஊறவைத்து, கொழுப்பைச் சுரண்டி, பசை தடவி ஒட்டி, துணிப்பட்டையால் இறுக்கச் சுற்றி ஒரு வாரம் விடுங்கள். காயும்போது சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். சிக்கல் நம்ம ஊர் காற்றுதான். புதுச்சேரி, கடலூர் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் தோல் தொளதொளத்துப் போகும், வார்னிஷ் இரண்டு கை அடித்தே ஆக வேண்டும். எலிக்கும் நாய்க்கும் அது பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடி இழை பற்றியும் கேட்பார்கள், கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் ஃபைபர் படகு பழுது பார்க்கும் இடத்தில் மிச்சம் மீதி கிடைக்குமே என்று. அங்கே கிடைக்கும் கண்ணாடி இழைப் பாயில் இழைகள் நாலு திசையிலும் சிதறிக் கிடக்கும், வில்லுக்கு வேண்டியது நீளவாக்கில் ஓடும் இழை. படகுக்கு ஊற்றும் ரெசினைவிட எப்பாக்ஸி பசைதான் மரத்தைப் பிடிக்கும். தேய்க்கும்போது பறக்கும் தூள் தோலில் அரிக்கும், மூச்சில் போகக் கூடாது. நாலரைக் கிலோ வில்லுக்கு இவ்வளவு பாடு எதற்கு? மூங்கில் பட்டையை முதுகில் ஒட்டுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. மூங்கில் இழுவையில் அவ்வளவு பலசாலி, கொஞ்சம் தடித்துவிட்டால் வயிற்றுப் பக்கத்து மரம் தாங்காமல் குறுக்குவாட்டில் மடிப்பு மடிப்பாக நசுங்கும்.

சரி, துணி ஒட்டும் முறைக்கு வருவோம். வில் ஓரளவு சமமாக வளையத் தொடங்கியதும் ஒட்டுங்கள், முழுக்க முடித்த பிறகு ஒட்டினால் இழுக்கும் எடை மாறும். முதுகின் இரு விளிம்புகளையும் உருட்டிவிடுங்கள், கூர்விளிம்பில்தான் சிலாம்பு கிளம்பும். உப்புத்தாளால் லேசாகச் சுரண்டி, தேக்கு என்றால் தின்னரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள், தேக்கு எண்ணெய்ப் பிசுக்கில் எந்தப் பசையும் நிற்காது. பசைக்குத் தண்ணீர் தாங்கும் மரைன் ஃபெவிகால் வாங்குங்கள், சாதா ஃபெவிகால் ஒரு மழைக்காலத்தில் இளகிவிடும். துணியைப் பசையில் தோய்த்துப் பிழிந்து, நடுவில் வைத்து, இரு முனைகளை நோக்கி விரலால் தள்ளிக் காற்றுக்குமிழை வெளியேற்றுங்கள். வெயில் காலத்தில் மூன்று நாள், மழைக்காலத்தில் ஃபேனுக்கு அடியில் ஒரு வாரம். அதுவரை வில்லை வளைக்கவே கூடாது.

அதன் பிறகு சீவுவதெல்லாம் வயிற்றுப் பக்கத்தில் மட்டும். முதுகில் உப்புத்தாள் பட்டால் நூல் அறுந்து, போட்ட வேலை வீண். விளிம்பில் துணி எங்காவது எழும்பினால் அன்றைக்கே கொஞ்சம் பசை விட்டு, மேலே நூல் சுற்றிக் காயவைத்துவிடுங்கள். எழும்பிய இடத்துக்கு அடியில் மரத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தால் மட்டும் ஒட்டிப் பார்க்க வேண்டாம், அந்த வில் அடுப்புக்கு.