பேரலல் என்றால் ‘சேராத கோடு’ மட்டும்தானா?

மும்பை தாராவியில் சாயங்காலம் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஆங்கிலமும் மராத்தியும், வீட்டில் தமிழ். ‘பேரலல்னா என்ன?’ என்று கேட்டால் எல்லாரும் ஒரே குரலில், ‘சேரவே சேராத கோடு டீச்சர்’ என்பார்கள். கணக்குப் பாடத்துக்கு அது முக்கால்வாசி சரி. மற்றப் பாடங்களிலும் அதையே பிடித்துக்கொண்டால் மார்க் போகும். மார்க் போனால் போகட்டும், பாடமே புரியாமல் போவதுதான் எனக்குக் கவலை.

கணக்கிலேயே ஏன் முக்கால்வாசி என்கிறேன்? அந்தேரியில் மெட்ரோ ரயில் பாலத்தின் மேல் ஏறி வெஸ்டர்ன் லைனைக் குறுக்கே தாண்டுகிறது. கீழே லோக்கல் ரயில் வடக்கும் தெற்குமாக ஓடுகிறது, மேலே மெட்ரோ கிழக்கும் மேற்குமாக ஓடுகிறது. இரண்டு தண்டவாளமும் அங்கே தொட்டுக்கொள்வதில்லை. அப்படியானால் பேரலலா? இல்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே இருப்பதால்தான் தொடவில்லை. இணைகோடுகள் ஒரே தளத்தில், அதாவது ஒரே தாளில் வரைந்தது போல இருக்க வேண்டும்.

அடுத்த தவறு, நோட்டுப் பக்கத்துக்குள் சேரவில்லை என்றாலே இணைகோடு என்று எழுதிவிடுவது. தாதரில் வெஸ்டர்ன் லைனும் சென்ட்ரல் லைனும் பக்கம் பக்கமாகத்தான் நிற்கின்றன. கொஞ்ச தூரம் போனதும் ஒன்று மாஹிம், பாந்த்ரா என்று திரும்பிவிடும், மற்றது சயான், குர்லா என்று விலகிவிடும். தாதரை மட்டும் பார்த்தவருக்கு இது தெரியாது. அதனால் ஸ்கேலை எடுத்து, ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கிற இரண்டு இடங்களில் இடைவெளியை அளந்து பாருங்கள். இரண்டு அளவும் சமமாக இருந்தால்தான் இணை. ஸ்கேலைக் கோட்டுக்குச் செங்குத்தாக வைக்க வேண்டும், சாய்த்துப் பிடித்தால் அளவு தப்பும். நம் அகலப் பாதைத் தண்டவாளத்தில் அந்த இடைவெளி 1,676 மி.மீ. நேரான பாதையில் தூரத்தில் இரண்டும் சேர்ந்துவிடுவது போலத் தெரிவது கண் செய்கிற வேலை.

தமிழில் படிக்கும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. ‘இணைப்புன்னா சேர்க்கிறது. அப்போ இணைகோடு ஏன் டீச்சர் சேராது?’ என்று ஆறாவது படிக்கும் பெண் ஒருத்தி கேட்டாள். எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. இங்கே இணை என்பது ஜோடி. பக்கத்தில் கூடவே நடந்து வருகிற துணை. இலங்கைத் தமிழர்கள் சமாந்தரம் என்பார்கள், மராத்தியிலும் ‘சமாந்தர்’ தான். சமமான இடைவெளி என்று பொருள். பேரலல் என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று’ என்று அர்த்தம். பாருங்கள், ‘சேராதது’ என்பது இந்தச் சொற்கள் எதிலும் இல்லை!

சரி, பூகோளத்துக்கு வருவோம். சுவரில் மாட்டும் வரைபடம் பலவற்றில் மேலிருந்து கீழே வரும் தீர்க்கக்கோடுகளும் நேர்நேராக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அவையும் பேரலல் என்று எழுதுகிறார்கள். உருண்டையான குளோபில் விரலை வைத்து ஓட்டினால் அவை எல்லாம் இரண்டு துருவத்திலும் போய்ச் சேர்வது தெரியும். ஒரு பாகை தள்ளியிருக்கிற இரண்டு தீர்க்கக்கோடுகளுக்கு நடுவே பூமத்திய ரேகையில் சுமார் 111 கி.மீ. இருக்கும், 60 பாகையில் அதில் பாதிதான். அட்சக்கோடுகள்தான் இணை. அவையோ நேர்கோடே இல்லை, வளையங்கள். துருவம் நெருங்க நெருங்கச் சின்னதாகிற வளையங்கள். மும்பையில் 19 பாகை வடக்கு அட்சக்கோடு பரேல் பக்கமாகப் போகிறது.

அதிகமாகத் தடுமாறுவது மின்சாரத்தில்தான். இரண்டு பல்புகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாக அழகாக வரைந்து, கம்பியைப் பாம்பு மாதிரி வளைத்து, பக்க இணைப்பு, அதாவது பேரலல் கனெக்‌ஷன், என்று பெயர் எழுதியிருப்பார்கள். படத்தில் பல்பு எப்படி நிற்கிறது என்பது முக்கியமே இல்லை. பேட்டரியின் பிளஸ் முனையில் விரலை வைத்துக் கம்பி வழியே நகர்த்துங்கள். முதல் பல்புக்குள் புகுந்து வெளியே வந்தால்தான் இரண்டாவது பல்புக்குப் போக முடிகிறதா? அது தொடர் இணைப்பு, பண்டிகைக்குத் தொங்கவிடும் பழைய சீரியல் செட் மாதிரி. விரல் ஓர் இடத்தில் ‘இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?’ என்று நின்று, எந்தப் பக்கம் போனாலும் ஒரு பல்பைத் தாண்டி ஒரே இடத்தில் வந்து சேர்ந்தால் அது பக்க இணைப்பு. கவனித்தீர்களா, இங்கே இரண்டு முனையிலும் சேர்ந்தால்தான் பேரலல்!

அப்புறம் கணக்கு. 10 ஓம் மின்தடை இரண்டைப் பக்க இணைப்பில் வைத்தால் 1/10 + 1/10 = 2/10. இதோடு நிறுத்தி 0.2 ஓம் என்று எழுதிவிடுவார்கள். தலைகீழாக்க வேண்டும், 10/2, விடை 5 ஓம். ‘ரெண்டு தடை வச்சா தடை எப்படிக் குறையும்?’ என்று கேட்பார்கள். ஸ்டேஷனில் ஒரே படிக்கட்டு இருந்தபோது பட்ட நெரிசலையும், பக்கத்தில் இன்னொன்று கட்டிய பிறகு கூட்டம் போகிற வேகத்தையும் நினைத்துப் பார்த்தால் போதும். பக்க இணைப்பில் விடை எப்போதும் இருப்பதிலேயே சின்ன மின்தடையைவிடக் குறைவாக வர வேண்டும். கூடுதலாக வந்தால் எங்கோ தப்பு.

மொழிப் பாடத்தில் சுருக்கமாக: ‘அவளுக்குப் பாடவும் ஆடவும் ஓவியமும் பிடிக்கும்’ என்பதில் மூன்றாவது சொல் மற்ற இரண்டின் வடிவில் இல்லாததால் வரிசையில் நிற்கவில்லை. ‘பாடவும் ஆடவும் வரையவும்’ என்றால் இணையாகிவிடும்.

தாவரவியலில் ஸ்கேலைக் கீழே வைத்துவிடுங்கள். புல்லின் இலை நரம்புகள் நுனியில் நெருங்கிவிடும், ஆனாலும் அதற்குப் பெயர் இணைப்போக்கு நரம்பமைப்புதான். வலை மாதிரி பின்னாமல் பக்கம் பக்கமாக ஓடினால் போதும். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழை இலை வாங்கினால் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். நடுத்தண்டிலிருந்து விளிம்பு வரை வரிவரியாக நரம்புகள் தெரியும். இலை கிழியும்போது அந்த வரியோடுதான் கிழியும்.