"நான் யார்?": பழைய கார் விடுகதைகளுக்கு விடை காண்பது எப்படி

கார் தன் வாயாலேயே பேசும் விடுகதையில் ஒரு வசதி உண்டு. அது சுற்றி வளைக்கும், ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்கும், ஆனால் பொய் சொல்லாது. ஒவ்வொரு வரிக்கு அடியிலும் ஒரு பாகமோ, ஓர் ஆண்டோ, ஒரு பெயரோ இருந்தே தீரும். விடை காண்பது பெரும்பாலும் கழித்தல் கணக்குதான்: வரிக்கு வரி எந்தெந்தக் கார்கள் கழன்று விழுகின்றன என்று பார்த்துக்கொண்டே வரவேண்டும். உலகத்தில் ஒரே ஒரு கார் மட்டும் சொல்லக்கூடிய வரி பிடிபட்டுவிட்டால் மற்ற வரிகள் எல்லாம் சரிபார்க்கத்தான்.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இடப்பக்கம் விடுகதையின் வரி, வலப்பக்கம் அதன் நேர்ப்பொருள். கண் என்றால் ஹெட்லைட், தோல் என்றால் பாடி, எலும்பு என்றால் சேஸிஸ், இதயம் என்றால் இன்ஜின், இவை சுலபம். தடுமாற வைப்பது "தாகம்", "மூச்சு", "வயிறு" மாதிரியான சொற்கள். தாகம் பெட்ரோலாகவும் இருக்கலாம், ரேடியேட்டர் தண்ணீராகவும் இருக்கலாம். வயிறு டிக்கியா, பெட்ரோல் டேங்கா? இப்படி இரண்டு பொருள் வரும் சொல்லுக்கு எதிரே இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதிவிட்டு ஓடினால், கடைசி வரியில் முட்டிக்கொண்டு முதலிலிருந்து தொடங்க நேரும்.

ஒரு விடுகதையை முழுசாகப் பிரித்துப் பார்ப்போம்.

முன்னால் திறந்தால் மூட்டை முடிச்சு,
பின்னால் திறந்தால் பெருமூச்சு.
தண்ணீர் கேட்டு நின்றதில்லை,
பசியைச் சொல்ல முள்ளும் இல்லை;
தீர்ந்தால் காலால் ஒரு திருப்பு, இன்னும் கொஞ்ச தூரம் போவேன்.
அண்ணனுக்குப் பின்னால் ஜன்னல் இரண்டு,
எனக்கு ஒன்றே, முட்டை போல.
நான் யார்? எந்த ஆண்டுக்காரன்?

முதல் இரண்டு வரியும் ஒரே செய்திதான்: சாமான் வைக்கும் இடம் முன்னால், இன்ஜின் பின்னால். உடனே "பீட்டில்" என்று கத்தத் தோன்றும். பொறுங்கள். ஃபியட் 500, ஃபியட் 600, ரெனோ 4சிவி, ஹில்மன் இம்ப், போர்ஷே 356 எல்லாமே இதைச் சொல்லலாம். "தண்ணீர் கேட்டு நின்றதில்லை" என்றால் காற்றால் குளிரும் இன்ஜின். ஃபியட் 600, ரெனோ 4சிவி, இம்ப் மூன்றும் ரேடியேட்டர் உள்ளவை, கழன்றன. அடுத்து, பெட்ரோல் அளவு காட்டும் முள் இல்லை. தீர்ந்தால் காலால் திருப்ப ஒரு குமிழ் உண்டு. பீட்டிலில் ஓட்டுநரின் கால் பக்கம் ஒரு திருகு இருந்தது. டேங்க் வற்றி இன்ஜின் இருமும்போது அதைத் திருப்பினால் ரிசர்வாக இருக்கும் சுமார் 5 லிட்டர் இறங்கும். போர்ஷே 356-ஐ இந்த இடத்தில் உறுதியாகக் கழிக்காதீர்கள், அது இன்னும் பட்டியலில் இருக்கட்டும்.

இனி ஜன்னல். அண்ணனுக்குப் பின் கண்ணாடி இரண்டு, தம்பிக்கு முட்டை வடிவில் ஒன்று. போர்ஷே 356-இன் முதல் கார்களில் இரண்டாகப் பிரிந்திருந்தது முன் கண்ணாடி. ஆகவே அது இங்கே விலகுகிறது. 1957-இல் வந்த ஃபியட் 500-க்குப் பிளந்த பின் கண்ணாடி கிடையவே கிடையாது. மிஞ்சுவது பீட்டில். அது 1953 மார்ச்சில் பிளந்த கண்ணாடியை விட்டு முட்டைக் கண்ணாடிக்கு மாறியது. 1957 கோடைக்குப் பிறகு வந்த 1958 மாடலில் பெரிய செவ்வகக் கண்ணாடி வந்துவிட்டது. விடை: 1953 முதல் 1957 வரை செய்யப்பட்ட ஃபோக்ஸ்வாகன் பீட்டில்.

ஆண்டைக் குறுக்கியது எந்த வரி என்று கவனியுங்கள். பெட்ரோல் முள் பீட்டிலுக்கு 1962 மாடலில்தான் வந்தது. அந்த வரியை மட்டும் நம்பியிருந்தால் வலை மிக அகலம். கண்ணாடிதான் கழுத்தைப் பிடித்தது. பின் கண்ணாடி, டெயில் லைட், பெட்ரோல் மூடி ஆகிய மூன்றும் பெரும்பாலான விடுகதைகளில் ஆண்டைக் காட்டிக்கொடுக்கும் இடங்கள். "பின் கண்ணாடியின் நடுவே ஒரு முதுகெலும்பு, ஒரே ஒரு வருஷம்தான்" என்று வந்தால் பீட்டிலை மறந்துவிடுங்கள். அது 1963 கார்வெட் ஸ்டிங் ரே கூப்பே. "என் வாய் எங்கே என்று தெரியாமல் பெட்ரோல் போடுபவர் என்னைச் சுற்றிச் சுற்றி வருவார்" என்றால் ஐம்பதுகளின் செவ்ரோலேவை நினையுங்கள். 1955-இல் அதற்குச் சாதாரணமான சின்னக் கதவு. 1956-இல் இடப்பக்க டெயில் லைட்டே கதவாகத் திறக்கும், மூடி அதற்குப் பின்னால். 1957-இல் இடப்பக்க வாலின் ஓரத்தில் ஓடும் குரோம் பட்டைக்குள் ஒளிந்திருக்கும். சிவப்பு விளக்குக்குள் வாய் என்றால் 1956, வாலில் வாய் என்றால் 1957.

"எனக்கு இல்லை" என்று தொடங்கும் வரிகளை வேறு நிற மையால் வட்டமிடுங்கள். இருக்கிறது என்று சொல்ல ஆயிரம் காருக்கு முடியும், இல்லை என்று சொல்லச் சிலவற்றுக்குத்தான் முடியும். "வால்வு இல்லை, பெட்ரோல் பம்ப் இல்லை, தோலில் துரு இல்லை" என்று ஒரு கார் சொன்னால் கிழக்கு ஜெர்மனியின் டிராபன்ட் மனதுக்கு வரவேண்டும். டூ ஸ்ட்ரோக் இன்ஜின், அதனால் வால்வு இல்லை. டேங்க் பானெட்டுக்கு அடியில் இன்ஜினுக்கு மேலேயே இருப்பதால் பெட்ரோல் தானாக இறங்கும், பம்ப் தேவையில்லை. பாடியின் மேற்பலகைகள் டியூரோபிளாஸ்ட் என்ற ஒருவகை பிளாஸ்டிக், அவை துருப்பிடிக்காது. அடியில் இருக்கும் இரும்பு மட்டும் நன்றாகவே துருப்பிடிக்கும். கடைசிக் காலத்து டிராபன்ட் 1.1-இல் ஃபோக்ஸ்வாகனின் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் வந்துவிட்டதால், "வால்வு இல்லை" என்ற வரி அதைத் தள்ளிவிடும்.

ஃபோர்டு மாடல் டி (1908–1927) பேசினால் இப்படித்தான் தொடங்கும்: "மூன்று பெடல் உண்டு, முடுக்க ஒன்றும் இல்லை." இன்று ஓட்டுகிறவர்கள் தவறவிடும் வரி இது. அதன் இடப் பெடல் கியருக்கு, நடுப் பெடல் ரிவர்ஸுக்கு, வலப் பெடல் பிரேக்குக்கு. ஆக்சிலரேட்டர் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு கைக்கோல். "செங்குத்து மேட்டில் முதுகைக் காட்டி ஏறுவேன்" என்பது இன்னொரு குறிப்பு: பெட்ரோல் டேங்கிலிருந்து தன் எடையால் மட்டுமே கார்புரேட்டருக்கு இறங்குவதால், டேங்க் குறைந்திருக்கும்போது மூக்கைத் தூக்கி ஏறினால் பெட்ரோல் வராது. பின்னோக்கி ஏறினால் வரும். ஆனால் "நான் கறுப்பு மட்டுமே" என்ற வரியை முழுக் காலத்துக்கும் பொருத்தாதீர்கள். கறுப்பு மட்டும் என்பது 1914 முதல் 1925 வரைதான். அதற்கு முன்னும் பின்னும் வேறு நிறங்கள் இருந்தன.

ஒரே உவமை பல கார்களுக்குப் பொருந்தும் இடத்தில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். குதிரை என்றதும் மஸ்டாங் என்று முடிவுகட்ட வேண்டாம். ஓடும் குதிரை மஸ்டாங், பின்னங்காலில் நிற்கும் குதிரை ஃபெராரி, கேடயத்துக்குள் இருக்கும் குதிரை போர்ஷே. "பெயரில் இரண்டு குதிரை" என்றால் சிட்ரோயன் 2சிவி. அது பிரான்சின் வரிக் கணக்குக் குதிரை, இன்ஜினின் உண்மையான சக்தி அல்ல, முதல் மாடலே 9 குதிரைத் திறன் கொண்டது. இறக்கையும் அப்படியே. மேல்நோக்கித் திறக்கும் கதவு மெர்சிடிஸ் 300 எஸ்எல் கூப்பேக்கும் உண்டு, டிலோரியனுக்கும் உண்டு. "எனக்குச் சாயமே பூசவில்லை" என்றால் டிலோரியன், அதன் தோல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். "இறக்கை அழகுக்காக அல்ல, எலும்பு உயரமாக ஓடுகிறது" என்றால் 300 எஸ்எல்: குழாய்களால் பின்னிய சட்டம் பக்கவாட்டில் உயர்ந்து நிற்பதால் சாதாரணக் கதவுக்கு இடமில்லை. 1957-இல் வந்த அதன் ரோட்ஸ்டருக்கு இறக்கை கிடையாது.

சிட்ரோயன் டிஎஸ் (1955–1975) விடுகதைக்காகவே பிறந்த கார். நிறுத்தி வைத்தால் மெல்லக் கீழே உட்காரும், கிளப்பினால் எழுந்து நிற்கும். ஸ்டீயரிங்குக்கு ஒரே கம்பி. பிரேக்குக்குப் பெடலுக்குப் பதில் காளான் போன்ற ஒரு ரப்பர் குமிழ். பெயரின் இரண்டு எழுத்தையும் பிரெஞ்சில் சேர்த்துச் சொன்னால் "தேவதை" என்று ஒலிக்கும். இவ்வளவு இருந்தும் இங்கே ஏமாற வழி இருக்கிறது. உட்கார்ந்து எழுவதும் ஒற்றைக் கம்பியும் பின்னால் வந்த சிட்ரோயன் சிஎக்ஸுக்கும் உண்டு. ஸ்டீயரிங்கோடு திரும்பும் கண் 1967-இல் டிஎஸ்ஸுக்கு வந்தது, பிறகு சிட்ரோயன் எஸ்எம்முக்கும் இருந்தது; அதற்கும் வெகு முன்னே 1948-இன் டக்கர் என்ற அமெரிக்கக் காருக்கு நடுவில் மூன்றாவதாக ஒரு திரும்பும் கண் இருந்தது. டிஎஸ்ஸைத் தனியாகப் பிரிப்பது "பின்னால் கண் சிமிட்டுவது கூரை ஓரத்திலிருந்து" என்ற வரி: அதன் பின் இண்டிகேட்டர்கள் கூரையின் இரு மூலையில் கூம்புக்குள் இருக்கும். காளான் குமிழ் இல்லாமல் சாதாரணப் பெடல் என்று வந்தால் அதன் எளிய உறவான சிட்ரோயன் ஐடி.

பெயர் பற்றிய வரியில் நிதானம் வேண்டும். "பிறந்தபோதே இரண்டு பெயர்" என்பது 1959-இன் மினி. மோரிஸ் மினி-மைனர் என்றும் ஆஸ்டின் செவன் என்றும் ஒரே கார் விற்கப்பட்டது. "நடுவில் இருந்த பூஜ்யத்தை அண்டை வீட்டுக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார்" என்றால் போர்ஷே 911. 1963-இல் 901 என்று காட்டப்பட்டது, நடுவில் பூஜ்யம் வரும் எண் தங்களுடையது என்று பிரெஞ்சுக் கார் நிறுவனமான பெஜோ சொன்னதால் மாறியது. "கடல் தாண்டி வேறு பெயரில் நெடுங்காலம் வாழ்ந்தேன்" என்றால் இரண்டு வீட்டையும் பாருங்கள். மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரீஸ் 3 அம்பாசடராகி 2014 வரை ஓடியது. ஃபியட் 124 1970-இல் லாடாவாகப் பிறந்தபோது பின் டிஸ்க் பிரேக் போய் டிரம் வந்தது, கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பும் வசதியும் சேர்ந்தது. பின் பிரேக்கைச் சொல்லும் வரிதான் பேசுவது ஃபியட்டா, லாடாவா என்று காட்டும்.

அமெரிக்கக் கார்களின் ஆண்டில் இன்னொரு சிக்கல்: அங்கே மாடல் ஆண்டு பொதுவாக முந்தைய இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடும். "எந்த ஆண்டு மாடல்" என்று கேட்டால் ஒரு விடை, "எப்போது பிறந்தேன்" என்று கேட்டால் வேறு விடை. மஸ்டாங் 1964 ஏப்ரல் 17-இல் அறிமுகமானது, ஆனால் 1965 மாடல்.

நீங்களே விடுகதை போடும்போது ஐந்தாறு வரி போதும். அகலமான குறிப்பு முதலில், இறுக்கமானது கடைசியில். எழுதி முடித்ததும் மிக நெருங்கிய போட்டிக் காரை எடுத்து ஒவ்வொரு வரியையும் அதன் வாயில் போட்டுப் பாருங்கள். எல்லா வரியும் அதற்கும் பொருந்தினால் விடுகதை இன்னும் முடியவில்லை. "அழகானவன்", "வேகமானவன்" போன்ற வரிகளை அடித்துவிடுங்கள்; அவை எந்தக் காரையும் கழிப்பதில்லை.

இந்தச் சோதனைக்கு ஒரு மாதிரி: "என் வாசல் மூக்கில். திறந்தால் ஸ்டீயரிங்கும் கூடவே வெளியே வந்து வழிவிடும்." இசெட்டா என்பது உடனே தெரியும், ஆனால் எந்த இசெட்டா? இத்தாலியின் ஈசோ செய்ததும் இதையே சொல்லும், அங்கிருந்து உரிமம் பெற்று 1955 முதல் பிஎம்டபிள்யூ செய்ததும் இதையே சொல்லும். "என் இதயம் மோட்டார் சைக்கிளிலிருந்து வந்தது, நான்கு ஸ்ட்ரோக்கில் துடிக்கும்" என்று ஒரு வரி சேருங்கள். ஈசோவுடையது 236 சிசி டூ ஸ்ட்ரோக் என்பதால் அது விலகிவிடும், பிஎம்டபிள்யூ மட்டும் நிற்கும்.