பசங்க நெட்டுக்கு ஃபில்டர் போடப் போறீங்களா, இப்படிப் போடுங்க

ஃபில்டர் பேச்சை எடுத்தாலே ஒரு பக்கம் எல்லாத்தையும் பூட்டுன்னு சொல்றாங்க, இன்னொரு பக்கம் அது பசங்களை வேவு பாக்குறதுன்னு சண்டைக்கு வர்றாங்க. என்னைக் கேட்டா சின்னப் பசங்களுக்கு கண்டிப்பா போடுங்க, ஆனா அவங்க கிட்ட சொல்லிட்டு போடுங்க.

முதல்ல ரவுட்டர். அதோட செட்டிங்ஸ்ல டிஎன்எஸ் (சைட் பேரை வச்சு அதோட நெட் அட்ரஸைக் கண்டுபிடிச்சுக் குடுக்குற சர்வீஸ்) கேக்குற இடத்துல 1.1.1.3, அடுத்த கட்டத்துல 1.0.0.3 போட்டு சேவ் பண்ணுங்க. கிளவுட்ஃப்ளேர்ங்கிற அமெரிக்க இன்டர்நெட் கம்பெனி 2020ல ஃப்ரீயா விட்டது இது, ஆபாச சைட், வைரஸ் சைட் ரெண்டையும் தடுக்கும். ஐபிவி6க்கு (புது வகை நெட் அட்ரஸ்) தனி டிஎன்எஸ் கட்டம் இருந்தா அதுலயும் இதே சர்வீஸோட ஐபிவி6 நம்பரைப் போட்டு மாத்துங்க, இல்லன்னா அந்த வழியா எல்லாம் திறந்துக்கும்.

ஆனா இதுக்கு சைட் பேரு மட்டும்தான் தெரியும், யூடியூபுக்குள்ள எந்த வீடியோ ஓடுதுன்னு தெரியாது, அதுக்கு யூடியூப்லயே ரெஸ்ட்ரிக்டட் மோடை ஆன் பண்ணணும். மொபைல் டேட்டாவுக்கு மாறினாலோ விபிஎன் (நெட்டை வேற ஒரு சர்வர் வழியா சுத்தி விடுற ஆப்) போட்டாலோ ரவுட்டர் ஃபில்டர் செல்லாது, அதனால பையன் கையில தனி போன் இருந்தா ஃபேமிலி லிங்க் (பசங்க போனை பெத்தவங்க கட்டுப்படுத்த கூகுள் குடுக்குற ஆப்) மாதிரி ஒண்ணு போன்லயே வேணும்.

இப்போ முக்கியமான வேலை, நிறைய பேர் இதை விட்டுடுறாங்க. பசங்க போனை எடுத்து நீங்களே மாதவிடாய், மார்பகப் புற்றுநோய், பருவ வயசு மாற்றம்னு தேடி, நல்ல சைட் எதுவும் தடுக்கப்படுதான்னு பாருங்க. ஃபில்டருக்கு நல்லது கெட்டது புரியாது, 1996ல ஏஓஎல்ங்கிற அமெரிக்க இன்டர்நெட் கம்பெனியோட ஃபில்டர் இங்கிலாந்துல ஸ்கன்தார்ப்னு ஒரு ஊர்க்காரங்களையே அக்கவுண்ட் தொடங்க விடல, ஊர்ப் பேருக்குள்ள ஒரு கெட்ட வார்த்தை ஒளிஞ்சிருந்ததுதான் காரணம். தேவையான சைட் மாட்டினா ஃபேமிலி லிங்க்ல அனுமதி லிஸ்ட்ல சேருங்க. 1.1.1.3ல அந்த வசதி கிடையாது, லிஸ்ட் வேணும்னா ஓப்பன்டிஎன்எஸ்ங்கிற இன்னொரு டிஎன்எஸ் சர்வீஸ்ல அக்கவுண்ட் போட்டு செய்யலாம்.

அமெரிக்காவுல அரசு நிதி வாங்குற லைப்ரரி ஃபில்டர் போடணும்னு 2000ல சட்டம் வந்து கேஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு, 2003ல சட்டம் செல்லும்னு சொன்னாங்க, பெரியவங்க லைப்ரரியன் கிட்ட கேட்டா சுலபமா திறந்து விடலாம்ங்கிறது அதுல ஒரு முக்கியக் காரணம். வீட்லயும் அதையே பண்ணுங்க, பொண்ணு ஒரு சைட் திறக்கலன்னு வந்து கேட்டா எதுக்குன்னு துருவாம கூட உக்காந்து பாத்து, சரின்னா உடனே திறந்து விடுங்க. துருவ ஆரம்பிச்சா அடுத்த தடவை உங்க கிட்ட வராது, விபிஎன் கிட்ட போகும்.

மெசேஜ் எல்லாம் படிச்சு சொல்ற ஆப் மட்டும் தயவுசெஞ்சு ரகசியமா போடாதீங்க.