ஹானர் சொசைட்டி அழைப்பு வந்தால்

அமெரிக்காவில் எம்.எஸ். சேர்ந்து, ஒன்றிரண்டு செமஸ்டரில் நல்ல ஜிபிஏ வாங்கிவிட்டால், “வாழ்த்துகள், நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள்” என்று ஒரு ஹானர் சொசைட்டியிடமிருந்து, அதாவது நன்றாகப் படிப்பவர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்துக்கொள்ளும் சங்கத்திடமிருந்து, மின்னஞ்சல் வரலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன், கட்டணம் கட்டுவதற்கும் முன், அந்தச் சங்கத்துக்கு உங்கள் பல்கலைக்கழகத்தில் சாப்டர், அதாவது கிளை, இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பேராசிரியர் ஒருவர் அதற்கு ஆலோசகராக இருப்பார். துறை அலுவலகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். கிரேக்க எழுத்துகளில் பந்தாவாகப் பெயர் வைத்துக்கொண்டு பணம் வசூலிப்பதோடு சரி என்று இருப்பவையும் உண்டு.

நம்மவர்களில் பொறியியல்காரர்கள் அதிகம் என்பதால் டௌ பீட்டா பை என்ற சங்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். 1885-இல் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. முதுநிலை மாணவர் என்றால் பொதுவாக வகுப்பின் முதல் ஐந்தில் ஒரு பங்குக்குள் வர வேண்டும். சேரும்போது ஒரே ஒரு முறைதான் கட்டணம், ஆண்டுச் சந்தா கிடையாது. பல வளாகங்களில் பொறியியல் கட்டடத்தின் முன் ‘பென்ட்’ என்று இதன் உலோகச் சின்னம் நிற்கும். புதிதாகச் சேருபவர்கள் துணியும் பாலிஷுமாக உட்கார்ந்து அதைப் பளபளவென்று தேய்க்கும் வழக்கம் பல சாப்டர்களில் இருக்கிறது. ஆய்வகமும் அறையுமாக நாளை ஓட்டுபவருக்கு, நம்மூர்க்காரர் அல்லாத நாலு பேரோடு பேச்சு தொடங்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

மின்னியல், கணினிப் பொறியியல் பக்கம் ஈட்டா கப்பா நூ (1904, இல்லினாய்) இருக்கிறது. 2010 முதல் மின்னியல் பொறியாளர்களின் உலக அமைப்பான ஐ-ட்ரிபிள்-ஈயோடு (IEEE) சேர்ந்துவிட்டது. துறை பாராமல் சேர்த்துக்கொள்வது 1897-இல் மெய்ன் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஃபை கப்பா ஃபை. அதில் உறுப்பினராகத் தொடர ஆண்டுதோறும் கட்ட வேண்டும், கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெஸ்யூமேயில் இது ஒரு வரி, அவ்வளவுதான். எச்-1பி வேலை விசாவுக்கான லாட்டரியில் எந்தச் சலுகையும் கிடைக்காது. ஆனால் உறுப்பினர்களுக்கென்றே ஃபெலோஷிப்புகள், அதாவது படிப்புக்கான உதவித்தொகைகள், உண்டு. சாப்டர் நடத்தும் இலவச டியூஷனில் சொல்லிக்கொடுக்கப் போனால் ஆங்கிலத்தில் பேசும் கூச்சமும் போகும். கூட்டத்துக்கே போகப் போவதில்லை என்றால், என்னைக் கேட்டால், அந்தப் பணத்துக்கு குளிருக்கு ஒரு நல்ல ஜாக்கெட் வாங்கிவிடலாம்.

சேருவது என்று முடிவெடுத்தால் கடைசித் தேதியையும், அறிமுக விழாவுக்கு நேரில் வந்தே ஆக வேண்டுமா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் ஊருக்கு டிக்கெட் போடுவதற்கு முன்னாலேயே கேளுங்கள்.