ஐசிஎஸ் பயிற்சி: சான்றிதழிலிருந்து முதல் ஒத்திகை வரை

அவசரகால மேலாண்மைப் பயிற்சிக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று ஆணை வந்துவிட்டது. விபத்து, பேரிடர் நடந்த இடத்தில் யார் தலைமை, யாருக்கு என்ன வேலை என்று வகுக்கும் 'இன்சிடென்ட் கமாண்ட் சிஸ்டம்' (சுருக்கமாக ஐசிஎஸ்) தரநிலைப்படி துறை இயங்குகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். ஆணை ஒரே பக்கம். கூடவே வந்த வழிகாட்டியோ தடித்த புத்தகம், திறந்த இடமெல்லாம் சுருக்கெழுத்து. அதை முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்காராதீர்கள், மூன்றாம் பக்கத்தில் தூக்கம் வந்துவிடும். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

ஒரு துறை தயாராக இருக்கிறதா என்று பார்க்க நான் சான்றிதழ்களை எண்ணுவதில்லை. சம்பவ இடத்தில் எதிர்ப்படும் நாலு பேரிடம் "இங்கே யார் பொறுப்பு?" என்று கேட்பேன். நாலு பேரும் ஒரே பெயரைச் சொன்னால் சரி. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு பெயருக்காகத்தான்.

படி 1: இந்த முறை எதற்காக வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

1970ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 13 நாட்கள் காட்டுத்தீ எரிந்தது. 16 பேர் இறந்தார்கள், சுமார் 700 கட்டடங்கள் போயின, 5 லட்சம் ஏக்கருக்கு மேல் கருகியது. அணைக்க ஆட்கள் வரத்தான் செய்தார்கள். ஆனால் ஒவ்வொரு துறையும் தனக்கென்று ஒரு வயர்லெஸ் அலைவரிசை, தனக்கென்று ஒரு பதவி அடுக்கு, ஒரே பொருளுக்குத் தனக்கென்று ஒரு பெயர் என்று வந்து நின்றது. யார் யாருக்கு உத்தரவு போடலாம் என்பதே தெளிவாக இல்லை. அதைச் சரிசெய்யக் கிளம்பிய ஃபயர்ஸ்கோப் என்ற திட்டத்திலிருந்து பிறந்ததுதான் ஐசிஎஸ்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க அரசு இதை நாடு முழுவதற்கும் பொதுவாக்கியது. 2003இல் அதிபரின் உத்தரவு, 2004இல் 'நிம்ஸ்' எனப்படும் தேசிய சம்பவ மேலாண்மை அமைப்பு. அதை ஏற்காத மாநில, உள்ளாட்சி அமைப்புகளுக்கு மத்திய அரசின் பேரிடர் ஆயத்த நிதி கிடைக்காது என்றும் வைத்தார்கள். தரநிலை என்றாலே எல்லோருக்கும் தணிக்கை ஞாபகம் வருவதற்கு இந்தப் பணமும் ஒரு காரணம். இந்தியாவில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010இல் வெளியிட்ட 'இன்சிடென்ட் ரெஸ்பான்ஸ் சிஸ்டம்' வழிகாட்டுதலும் இதே வேரிலிருந்து வந்ததுதான்.

படி 2: உங்களுக்குப் பொருந்தும் தரநிலை எது?

இதற்கு அரை மணி நேரம் போதும், ஆனால் தவிர்க்காதீர்கள். எல்லாம் ஒரே குடும்பம் என்றாலும் அச்சு அசலாக ஒன்றல்ல. அமெரிக்க முறையில் சம்பவ இடத்துக்குப் பொறுப்பான கமாண்டருக்குக் கீழே செயல்பாடு, திட்டமிடல், தளவாடம், நிதி நிர்வாகம் என்று நான்கு பிரிவுகள். இந்திய வழிகாட்டுதலில் பிரிவுகள் மூன்றுதான், நிதி தளவாடப் பிரிவுக்குள் ஒரு கிளையாக உட்கார்ந்திருக்கும். இணையத்தில் கிடைத்த அமைப்பு வரைபடத்தை அப்படியே அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட்டு, தணிக்கையில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

படி 3: யாருக்கு எந்தப் பயிற்சி என்று பிரியுங்கள்

அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபீமாவின் பாடங்களைப் பல இடங்களில் முன்மாதிரியாக வைத்திருக்கிறார்கள். ஐஎஸ் 100 அறிமுகம். ஐஎஸ் 200 சின்னச் சம்பவங்களுக்கான அடிப்படை. ஐஎஸ் 700 நிம்ஸ் பற்றியது, ஐஎஸ் 800 பேரிடரை எதிர்கொள்வதற்கான தேசியக் கட்டமைப்பு பற்றியது. நான்கையும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம், கடைசியில் ஒரு தேர்வு இருக்கும். ஐசிஎஸ் 300, 400 இரண்டும் வகுப்பறையில் உட்கார்ந்து, குழுவாகப் பயிற்சி செய்து முடிக்க வேண்டியவை.

எல்லோரையும் எல்லாவற்றிலும் உட்கார வைக்காதீர்கள். களத்தில் இறங்கும் எல்லோருக்கும் 100, 700. ஒரு சின்னக் குழுவுக்காவது தலைமை தாங்குபவருக்கு 200. பெரிய சம்பவத்தில் ஒரு பிரிவை நடத்த வேண்டியவருக்கு 300. ஒரு நல்ல தொடக்கத்துக்கு இந்த அளவு போதும்.

அப்புறம் பதிவேடு. பெயர்வாரியாகப் பட்டியல் போட்டால் அடுத்த இடமாற்ற ஆணையோடு அது குப்பைதான். பதவிவாரியாகப் போடுங்கள்: திட்டமிடல் பிரிவுத் தலைவர், அவருக்கு முதல் மாற்று, இரண்டாம் மாற்று, மூவரும் முடித்த பாடம், முடித்த தேதி. ஒருவர் மாற்றலாகிப் போன அன்றே எந்தக் கட்டம் காலி என்று கண்ணில் படும்.

படி 4: அமைப்பைச் சின்னதாகத் தொடங்குங்கள்

அமைப்பு வரைபடத்தில் முப்பது பெட்டிகள் இருக்கின்றன என்பதற்காக முப்பது பேரைத் தேட வேண்டாம். யாரிடமும் ஒப்படைக்காத வேலை எல்லாம் கமாண்டருடையது, இதுதான் விதி. இரண்டு பேர் கையாளும் சம்பவத்தில் கமாண்டர் ஒருவரே எல்லாப் பெட்டியும். வேலை பெருகப் பெருகத்தான் பாதுகாப்பு அலுவலர், செய்தித் தொடர்பாளர், மற்ற துறைகளோடு பேசும் தொடர்பு அலுவலர், பிரிவுத் தலைவர்கள் என்று பிரித்துக்கொண்டே போக வேண்டும். வேலை குறைந்தால் அதே வரிசையில் மடக்கிவிடலாம்.

எப்போது பிரிப்பது? ஒருவருக்குக் கீழே நேரடியாக மூன்றிலிருந்து ஏழு பேர், ஐந்து இருந்தால் நல்லது என்பது பழகிய கணக்கு. என் முதல் ஒத்திகையில் நான்தான் கமாண்டர். மிதப்பில் ஒரு பிரிவையும் பிரிக்கவில்லை. இருபதாவது நிமிடத்தில் பதினொரு பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் ஜெனரேட்டருக்கு டீசல் கேட்கிறார், ஒருவர் பத்திரிகையாளர் வந்திருப்பதாகச் சொல்கிறார், இன்னொருவர் சும்மா கையைத் தூக்கியபடி நிற்கிறார். கையைத் தூக்கியவரிடம்தான் காயம்பட்டவர்களின் எண்ணிக்கை இருந்தது. கடைசியாகத்தான் அவரைக் கேட்டேன்.

படி 5: 201 படிவத்தை நிரப்பப் பழகுங்கள்

ஐசிஎஸ் படிவங்கள் ஏகப்பட்டவை. தொடக்கத்தில் ஒன்றே ஒன்றைக் கற்றால் போதும் என்றால் நான் 201ஐத்தான் சொல்வேன். முதல் கமாண்டர் அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது கையில் கொடுக்கும் சம்பவக் குறிப்பு அது. கையால் போட்ட வரைபடம், இதுவரை நடந்தது, நோக்கங்கள், எடுத்த நடவடிக்கைகள் நேரத்தோடு, யார் எந்தப் பொறுப்பில், என்னென்ன வண்டிகளும் ஆட்களும் வந்தாயிற்று, எவை வழியில், களத்தில் என்ன ஆபத்து. இவ்வளவுதான்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையில் அம்மோனியா ஏற்றிய லாரி கவிழ்ந்து கசிகிறது, கொஞ்ச தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம்.

பழகாதவர் நோக்கம் என்ற கட்டத்தில் எழுதுவது: "பொதுமக்களைப் பாதுகாக்க வேண்டும்." யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அதைப் படித்துவிட்டு எந்த வண்டியை எங்கே அனுப்புவீர்கள்? இப்படி எழுதிப் பாருங்கள்:

"11:15க்குள் பள்ளி மாணவர்களைக் காற்று வரும் பக்கமாக வெளியேற்ற வேண்டும்."
"11:30க்குள் கசிவைச் சுற்றி 300 மீட்டருக்குள் யாரும் இல்லாதபடி சாலையின் இருபுறமும் அடைக்க வேண்டும்."
"பாதுகாப்பு உடை அணிந்த குழு வந்த பிறகே வால்வை நெருங்க வேண்டும்."

முதல் இரண்டில் எத்தனை மணிக்குள், எங்கே என்று இருக்கிறது, மூன்றாவதில் எது வந்த பிறகு என்று இருக்கிறது. 11:30க்கு ஒருவர் வந்து கேட்டால் முடிந்தது, முடியவில்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லலாம். (300 மீட்டர் என்பது ஒத்திகைக்காக நான் போட்ட எண். உண்மைச் சம்பவத்தில் ரசாயனத்துக்கான வழிகாட்டி நூலைப் பார்த்துத்தான் தூரத்தை முடிவு செய்ய வேண்டும்.)

வரைபடத்தில் வடக்கு எது, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று அம்புக்குறி போடுங்கள். அழகாக வரைந்துவிட்டு இந்த இரண்டையும் விட்டுவிடுபவர்களே அதிகம்.

படி 6: சங்கேத மொழியை விடுங்கள்

வயர்லெஸ்ஸில் எண் சங்கேதம் வேண்டாம், எல்லோருக்கும் புரியும் சாதாரணச் சொல்லில் பேசுங்கள் என்பது தரநிலையிலேயே இருக்கிறது. காரணம் எளிது, ஒரே எண்ணுக்கு இரண்டு துறைகளில் இரண்டு அர்த்தம். சொற்களிலும் இந்த வம்பு உண்டு. ஐசிஎஸ் சொல்வழக்கில் 'டேங்கர்' என்றால் மேலிருந்து தண்ணீர் கொட்டும் விமானம். சாலையில் தண்ணீர் கொண்டு வரும் வண்டிக்கு 'டெண்டர்' என்று பெயர். அந்த வழக்கு தெரிந்தவரிடம் "இரண்டு டேங்கர் வேண்டும்" என்று கேட்டால் அவர் வானத்தைப் பார்ப்பார். நீங்கள் லாரி என்றே சொல்லிவிட்டுப் போங்கள்.

படி 7: மேசை ஒத்திகை நடத்துங்கள்

முதல் தடவையே சைரன், ஆம்புலன்ஸ் என்று மாக் டிரில்லில் இறங்க வேண்டாம். ஒரு மேசை, எட்டுப் பத்துப் பேர், இரண்டு மணி நேரம். ஒத்திகையை நடத்த ஒருவர், பேசாமல் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுக்க ஒருவர். மீதிப்பேர் ஆளுக்கொரு பதவி.

அம்மோனியா லாரியையே எடுத்துக்கொள்ளலாம். முதலில் இரண்டே வரியில் நிலைமையைச் சொல்லுங்கள். 201ஐ நிரப்பப் பத்து நிமிடம் கொடுங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சீட்டு நீட்டுங்கள்: "காற்று திசை மாறிவிட்டது." "மாணவர்களை ஏற்றிய ஒரு பேருந்து எங்கே போனது என்று தெரியவில்லை." "காவல் துறை அதிகாரி ஒருவர் தனியாக வேறு இடத்தில் கட்டுப்பாட்டு அறை போட்டிருக்கிறார்." மூன்றாவது சீட்டுதான் என் விருப்பம். ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே நோக்கப் பட்டியலில் எல்லாத் துறையும் கையெழுத்துப் போடும் கூட்டுத் தலைமை என்ற பாடம் அங்கேதான் உறைக்கும்.

பாதியில் கமாண்டரை மாற்றுங்கள். "உங்களைவிட மூத்தவர் வந்துவிட்டார், ஒப்படையுங்கள்" என்று சொல்லிவிட்டு வேடிக்கை பாருங்கள். நேருக்கு நேர் நின்று, 201ஐக் காட்டி விளக்கி, மாறிய நேரத்தை எல்லோருக்கும் அறிவித்தால்தான் அது ஒப்படைப்பு. மூத்த அதிகாரி வந்து நின்றதாலேயே பொறுப்பு கைமாறிவிடாது. பெரும்பாலானோர் தடுமாறுவது இந்த இடத்தில்தான், மரியாதைக்காகப் பழையவர் பின்னால் நகர்ந்துவிடுவார், புதியவருக்குத் தான் பொறுப்பேற்றது தெரியவே தெரியாது.

படி 8: அன்றே எழுதி முடியுங்கள்

ஒவ்வொருவரும் 214 படிவத்தில் தன் செயல்களை நேரத்தோடு எழுதியிருக்க வேண்டும். "10:42 பள்ளிக்கு இரண்டு பேருந்து அனுப்பக் கேட்டேன். 10:58 ஒன்று மட்டும் வந்தது." இந்த அளவு போதும், கதை வேண்டாம். முடிந்த கையோடு அரை மணி நேரம் பேசுங்கள்: என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, ஏன் வித்தியாசம். யார் தவறு என்ற பேச்சு எழுந்தால் வெட்டிவிடுங்கள்.

கிடைத்த குறைகளை ஒரு திருத்தத் திட்டமாக்குங்கள். "தகவல் தொடர்பை மேம்படுத்த வேண்டும்" என்று எழுதினால் அடுத்த வருடமும் அதையே எழுதுவீர்கள். "பேருந்து ஓட்டுநர்களின் எண் பட்டியல், போக்குவரத்துப் பிரிவு எழுத்தர், இம்மாதம் 20ஆம் தேதி" என்று வேலை, ஆள், தேதி மூன்றையும் போடுங்கள். தணிக்கைக்கு வருபவர் முதலில் புரட்டுவது போன ஒத்திகையின் இந்தத் தாளைத்தான் என்று வைத்துக்கொண்டு தயாராகுங்கள். அவர் கேட்க வேண்டிய நியாயமான கேள்வி, அந்தத் தேதிகளில் எத்தனை முடிந்தது என்பதுதான்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. 201 படிவத்தை இருபது நகல் எடுத்து, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, களத்துக்குப் போகும் ஒவ்வொரு வண்டியிலும் வையுங்கள். பேனா வேண்டாம், நனைந்த தாளில் மை பரவிவிடும். இரண்டு பென்சில், ஒரு பென்சில் சீவி.