செண்டுமல்லியின் நுனியைக் கிள்ளுங்கள், வீசாதீர்கள்

செண்டுமல்லி நாற்றை நட்டு மூன்று, நான்கு வாரத்தில், முதல் மொட்டு கண்ணில் படும் முன் நடுத்தண்டின் நுனியைக் கிள்ளிவிடுங்கள். கத்தி வேண்டாம், நகமே போதும். நுனி இருக்கும்வரை அதில் சுரக்கும் ஆக்ஸின் என்ற வளர்ச்சி ஹார்மோன் பக்கத்து மொட்டுகளை அடக்கியே வைத்திருக்கும். அது போனதும் ஒவ்வொரு இலைக்கணுவிலிருந்தும் கிளை வெடித்து, செடி உயராமல் பக்கவாட்டில் படரும். பூ தனித்தனியே சற்றுச் சிறுத்தாலும் எண்ணிக்கை கூடும். பூக்காரர் எடைக்குத்தானே எடுக்கிறார்!

கிள்ளியதில் விரல் நீளம் உள்ளவற்றின் கீழ் இலைகளை உருவிவிட்டு, நிழலில் ஈர மணலில் ஊன்றி வையுங்கள். பத்து, பதினைந்து நாளில் வேர் பிடித்துவிடும். வயலில் நாற்று செத்த இடங்களுக்கு இதுவே போதும். கலப்பின நாற்று விலைக்கு வாங்குபவர்களுக்கு இதில்தான் உண்மையான மிச்சம். தண்டிலிருந்து வருவதால் தாய்ச்செடியின் பூ அப்படியே கிடைக்கும். கலப்பினப் பூவிலிருந்து விதை எடுத்தால் நிறமும் அளவும் கலந்துகட்டித்தான் வரும்.

கிள்ளினால் முதல் பறிப்பு ஒன்றிரண்டு வாரம் தள்ளிப்போகும். ஆயுத பூஜைக்குக் கணக்குப் பண்ணி நட்டவர்கள் அந்த நாட்களையும் சேர்த்து முன்னதாக நடவேண்டும். தாமதமாக நட்டிருந்தால் கைவைக்காதீர்கள். தானே புதராகும் குட்டை ரகங்களுக்கு இது தேவையில்லை. ஒற்றைத்தண்டு சூரியகாந்தியிலோ, பெரிய கொண்டைக்காக வளர்க்கும் கோழிக்கொண்டையிலோ கிள்ளினால் விற்க வேண்டிய பூவே போய்விடும். வாடி நிற்கும் செடி, வைரஸ் தாக்கிச் சுருண்ட செடி இரண்டையும் தொடாதீர்கள். நோய்ச்செடியைத் தொட்ட விரலால் அடுத்ததைக் கிள்ளினால் அதற்கும் தொற்றலாம்.