பாதுகாப்பு பற்றி இன்டர்வியூவில் கேட்டால், அன்று சொன்ன வாக்கியத்தையே சொல்லுங்கள்

“வேலையிடத்தில் பாதுகாப்புக்காக எப்போதாவது பேசியிருக்கிறீர்களா?” என்று கேட்டால், அன்று நீங்கள் வாய் திறந்து சொன்ன வாக்கியத்தை அப்படியே சொல்லுங்கள். “அண்ணே, மெஷினோட மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டு உள்ளே கை விடுங்கள், நான் உதவுகிறேன் என்றேன்” என்பது போல. அப்புறம் அவர் என்ன செய்தார், கேட்காதபோது யாரிடம் கொண்டுபோனீர்கள், கடைசியில் என்ன மாறியது என்பதை இரண்டு வரியில் முடித்துவிடலாம்.

“பாதுகாப்புக்கே முதலிடம்” என்று எல்லோரும்தான் சொல்வார்கள். கேட்பவர் பார்ப்பது வேறு: மூத்தவரிடம் சண்டை இல்லாமல், ஆனால் பின்வாங்காமல் பேச உங்களுக்கு வருமா என்பதை. சொன்ன வார்த்தையும் தொனியும் அதைக் காட்டிவிடும். சம்பவம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. தரையில் சிந்திய எண்ணெய், பெட்டிகள் அடைத்த அவசர வழி போன்றவையே போதும். விபத்துக்கு முன்னால் பேசியதுதான் கணக்கு.

முன் அனுபவம் இல்லாதவர்களுக்கு இது சரிவராது. கதை கட்டினால் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். கல்லூரி ஆய்வகத்தில் நடந்ததைச் சொல்லலாம், இல்லாவிட்டால் “இதுவரை அப்படி நேரவில்லை, நேர்ந்தால் இப்படிச் செய்வேன்” என்று நேராகச் சொல்லலாம். “இப்போதே ஆபத்து என்றால்?” என்று கேட்டால் வரிசை மாறும்: முதலில் வேலையை நிறுத்துவது, ஆட்களை விலக்குவது, பிறகுதான் பேச்சு. விசாரணையில் இருக்கும் விஷயமென்றால் வேறு சம்பவத்தை எடுங்கள். பழைய நிறுவனத்தின் ரகசியத்தைக் கொட்டுபவரை யாரும் நம்புவதில்லை.